மூட்டைக்குக் கை இல்லை

நீதான் காரணம். வேறு யார்மேலும் நான் பழி போட மாட்டேன். நாளைக்குக் காலையில் என் மகள் ராயக்கோட்டை தாண்டி இருக்கிற அந்தப் பாறையில் தனியாக ஏறப்போகிறாள். கீழே நின்று கயிறு பிடிக்க ஆள் கிடையாது. உள்ளங்கை அகலத்தில் உலோகத் துண்டு, அதை நம்பி ஏறப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கயிறு பிடித்துக்கொண்டிருந்தவன், ஒரு வார்த்தை சொல்லாமல் வருவதை நிறுத்திவிட்டாயே, அதனால் வந்தது இது. லோடு அந்தரத்தில் தொங்கும்போது கிரேன்காரன் பீடி பிடிக்க இறங்கிப் போவானா? போனால் சும்மா விடுவார்களா? நீ இறங்கிப் போய்விட்டாய். உன்னைச் சும்மா விட்டிருக்கிறார்கள். அதனால்தான் நானே வந்தேன்.

உட்கார வரவில்லை நான். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகத்தான் வந்தேன். சரி, உன் அம்மா சொல்கிறார்கள், உட்காருகிறேன். முட்டி வேறு வலிக்கிறது. போன வாரம் பாறையில் இடித்தது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

அம்மாவுக்கு என்னைத் தெரியாது இல்லையா? என் பெயர் மாதப்பன். ஓசூரில் கடை வைத்திருக்கிறேன். செயின் புல்லி, வயர் ரோப், ஷேக்கிள், கொக்கி, எடை தூக்குகிற சாமான் எல்லாம். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் எந்த மெஷின் மேலே போனாலும் கீழே வந்தாலும் பெரும்பாலும் என் கடைச் சங்கிலியில்தான் தொங்கும். யாரும் கைதூக்கிவிட்டு நான் வரவில்லை அம்மா. லாரி ஷெட்டில் மூட்டை தூக்கினேன், திட்டு வாங்கினேன், அடி வாங்கினேன். இந்த விரல் நுனி பாருங்கள், வயர் ரோப் தின்றது. அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், கயிற்றை யாரும் சொல்லி நம்பக் கூடாது என்று. நானே எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்க்காத சாமானை இன்றுவரை விற்றதில்லை. கடைக்குப் பின்னால் இரும்புச் சட்டம் ஒன்று நிற்கிறது. மணல் மூட்டையைக் கட்டுவேன், தூக்குவேன், விடுவேன். நின்றால் சரக்கு. நிற்காவிட்டால் காயலான் கடை.

என் மகள் சுபிக்ஷா உங்கள் பையன் வேலை பார்க்கிற அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். கம்ப்யூட்டரில் மெஷின் படம் வரைகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போவாள். ஏதோ ஜிம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் தேய்ந்து, என் கடை லோடுமேன் கை மாதிரி இருந்தது. என்ன இது என்று அதட்டினேன். பாறை ஏறுகிறேன் என்றாள்.

எப்படி ஏறுவாய் என்று கேட்டேன். நிதானமாகத்தான் சொன்னாள். பாறையைச் சுற்றிப் பின்பக்கமாக நடந்து மேலே போய், அங்கே அடித்திருக்கிற போல்ட்டில் கயிற்றை மாட்டுவார்களாம். ஒரு முனை ஏறுகிறவள் இடுப்பில். மறு முனை கீழே நிற்கிறவன் கையில். இவள் ஏற ஏற அவன் கயிற்றை வாங்கிக்கொண்டே இருப்பான். இவள் வழுக்கினால் அவன் பிடிப்பான். கீழே நிற்கிறவன் யார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள்.

நான் என்ன செய்தேன்? ஒரு தகப்பன் செய்வதைத்தான் செய்தேன். உன் கம்பெனி வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உன்னைப் பார்த்தேன். அம்மா, நீங்களே சொல்லுங்கள், மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசினேன். என்ன படிப்பு என்று கேட்டேன், சொன்னான். அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன், சொன்னான். எந்த ஊர் என்று கேட்டேன், சொன்னான். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அதுவரைக்கும் பதில் சொன்னவனுக்கு இதற்கு என்ன வந்தது? பஸ் ஸ்டாப்புக்குக் கிழக்கே, மேற்கே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருப்பேன். என் தொண்டை அப்படி. செயின் உருளும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்றால் அது அவர்கள் குணம். இவன் வாயே திறக்கவில்லை. நானே புரிந்துகொண்டேன். "சரி, தெரிஞ்சிருச்சு. கயிறு பிடிக்கிறதோட நிறுத்திக்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதில் என்ன தப்பு? கயிறு பிடிக்காதே என்றா சொன்னேன்? பிடி என்றுதானே சொன்னேன்? பேரம் என்றால் நாலையும் கேட்கத்தான் செய்வோம். எந்த மில் கம்பி, எந்த ஊர் வார்ப்பு, எல்லாம் கேட்பேன். விற்கிறவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வியாபாரம் நடக்குமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கயிற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறி, வாசல் சுட ஆரம்பித்த பிறகுதான் உள்ளே வந்தாள். நீ வரவில்லை. திங்கட்கிழமை டீக்கடைக்காரன் அவளிடம் எதையோ உளறியிருக்கிறான். சாயங்காலம் வந்து என் எதிரே நின்றாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. என் மகள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

"ஒருத்தர் கையில உசிரக் குடுத்துட்டு மேல ஏறுறேன்ப்பா. அந்த மனுஷன நடுரோட்ல நிக்க வச்சு அதக் கேட்டீங்களா?"

எதைக் கேட்டேன் என்று கேட்டேன். உள்ளே போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாருமே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. என் வீட்டுக்காரி தவமணியும் அன்றையிலிருந்து என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள். ஊமை வீடு.

சரி, அத்தோடு பாறையை விட்டுவிடுவாள் என்று பார்த்தேன். ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தாள். ரோப் கிராப் என்றாள். கீழே ஆளே வேண்டாமாம். கயிற்றை மேலே போல்ட்டில் கட்டித் தொங்கவிட்டுவிட வேண்டும். கருவியை இடுப்புவாரில் மாட்டிக் கயிற்றில் கோத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது அது கயிற்றிலே கூடவே வழுக்கிக்கொண்டு மேலே வரும். விழுந்தால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். எது நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாளா என்றால், இல்லை. அவளே இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானாகத்தான் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது தம்பி. நான் பயந்து நீ பார்த்திருக்க மாட்டாய். யாரும் பார்த்ததில்லை. பயம் வந்தால் எனக்கு விலை பேசத்தான் தெரியும்.

முதல் கருவி பல் வைத்தது. உள்ளே பூனை நாக்கு மாதிரி பொடிப் பொடி முள். மேலே தள்ளினால் போகும், கீழே இழுத்தால் கடித்துக்கொள்ளும். இதுதான் சரி என்றேன். கடிக்கிறது, விடாது, வேறு என்ன வேண்டும்? சட்டென்று பெரிய இழுப்பு வந்தால் அந்தப் பல் கயிற்றின் மேல்தோலையே கிழித்துவிடும் என்றாள். இரண்டாவது கருவிக்குப் பல் இல்லை. வழவழப்பான ஒரு நாக்கு. எடை விழுந்ததும் கயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், கயிற்றுக்கு ஒரு கீறல் விழாது. பல் இல்லாதது என்னத்தைப் பிடிக்கும் என்றேன். கடைக்குப் போய், டவர் வேலைக்காரர்கள் வாங்குகிற கனமான கருவி ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். மேசை அதிர்ந்தது. இதைப் பார், யானையைத் தொங்கவிடலாம் என்றேன். அவள் தன் கயிற்றை எடுத்து அதற்குள் விட்டாள். அப்பன் சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி கயிறு உள்ளே லொடலொடவென்று ஆடியது.

"இது உங்க கடைக் கயித்துக்குப்பா. என் கயிறு மெலிசு."

வாயை மூடிக்கொண்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தோற்றால் பிடிக்காது. இரண்டையும் கொடு, சோதித்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைப் பையனை வெளியே அனுப்பிவிட்டு நான் ஒருவனாகவே செய்தேன். மணலை அள்ளி அள்ளி அவள் எடைக்கு ஒரு மூட்டை கட்டினேன். மூட்டைக்கு இடுப்புவார் மாதிரி பெல்ட் சுற்றினேன். சட்டத்தில் அவள் கயிற்றைக் கட்டி, கருவியில் மூட்டையை மாட்டி, செயின் புல்லியில் உயர்த்தி, விட்டேன். பல் கருவி பிடித்தது. ஆனால் உயரம் கூட்டி விட்டபோது கயிற்றில் பஞ்சு மாதிரி நூல் பிரிந்து நின்றது. அவள் சொன்னது சரி. பல் இல்லாத கருவியை மாட்டினேன். பிடித்தது. இன்னும் உயர்த்தி விட்டேன். பிடித்தது. கயிற்றில் ஒரு சிராய்ப்பு இல்லை. விதவிதமாக விட்டேன், சாய்த்து விட்டேன், சுழற்றி விட்டேன். ஒவ்வொரு தடவையும் மூட்டை ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. நின்று லேசாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதி. அன்றைக்கு ஒரு கவளம் கூடவே சாப்பிட்டேன். இதுதான், கண்ணை மூடிக்கொண்டு இதை எடுத்துக்கொள் என்று அவளிடம் தீர்ப்பு சொன்னேன்.

"நானும் அததான் நெனச்சேன். ஆனா மூட்டைக்குக் கை இல்லப்பா" என்றாள்.

என்ன பேச்சு இது என்று நினைத்தேன். படித்த பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது சொல்லிவைக்கும்.

நீ சிரிக்கிறாய். உனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பாறையில்தான் புரிந்தது.

விற்கிறவன் நான், முதலில் என் உடம்பில் மாட்டிப் பார்க்காமல் உன்னை ஏறவிட மாட்டேன் என்று அவளிடம் ஒரே பிடி பிடித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கீழே நின்று அந்தப் பாறையைப் பார்த்தபோதே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. காட்டிக்கொள்ளவில்லை. இவள் மேலே போய்க் கயிறு கட்டிவிட்டு வந்து எனக்கு இடுப்புவார் மாட்டினாள். என் வயிற்றைச் சுற்றி அதை இறுக்கும்போது, "மூச்ச விடுங்கப்பா" என்றாள். கருவியைக் கோத்தாள். அதோடு இன்னொரு கயிற்றையும் என் இடுப்பில் கட்டி, அது மேலே போய்த் திரும்பி வந்த முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். எதற்கு இது, கருவிதான் இருக்கிறதே, மூட்டையை வைத்து நான் பார்த்துவிட்டேனே என்றேன். சும்மாப்பா, இருக்கட்டும் என்றாள்.

ஏறினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஏறினேன். ஒரு வீட்டுக் கூரை உயரம் இருக்கும். கீழே பார்க்காதீர்கள் என்றாள், பார்த்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. இறங்குகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், கால் வழுக்கிவிட்டது.

விழும்போது என்ன நினைத்தாய் என்று கேட்காதே. ஒன்றும் நினைக்கவில்லை. கை மட்டும் நினைத்தது. இடுப்புக்கு முன்னால் இருந்தது அந்தக் கருவி. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். உயிரைப் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். அது என்னைப் பிடிக்கவில்லை தம்பி. கயிறு அதற்குள் சர்ரென்று ஓடுகிறது. நான் பிடிக்கப் பிடிக்க அது ஓடுகிறது. என் கை அந்த நாக்கை அமுக்கித் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் கவ்வியிருக்கும். எப்படி விடுவது? பாறை என் முகத்துக்கு முன்னால் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. கீழேயிருந்து அவள் "விடுங்கப்பா, கைய விடுங்க" என்கிறாள். கேட்கிறது. கை விடவில்லை.

பிறகு இடுப்பில் ஓர் இழுப்பு. நின்றேன். முட்டி போய்ப் பாறையில் மோதியது. கண்ணைத் திறந்தால் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறேன், மணல் மூட்டை மாதிரி. கீழே அவள் பின்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு காலையும் பாறையில் உதைத்துக்கொண்டு, அந்த இரண்டாவது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் அவளைவிட எவ்வளவு கனம். அவள் உதடு வெளுத்திருந்தது. கருவி பிடிக்கவில்லை. பிள்ளை பிடித்தாள்.

மெதுவாக இறக்கிவிட்டாள். தரையில் உட்கார்ந்து நான் வாந்தி எடுத்தேன். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "தெரியும்ப்பா. பயந்தா எல்லாரும் மொதல்ல அதத்தான் புடிப்பாங்க. அதுக்குத்தான் ரெண்டாவது கயிறு."

உடனே நான் கேட்டது ஒன்றுதான். நீ பிடிக்க மாட்டாயா? உனக்குப் பயம் வராதா? பழகிவிட்டேன் என்றாள். என்ன பழகினாய்? விழும்போது கையை விரித்துவிடப் பழகியிருக்கிறாளாம். காட்டினாள். தடுத்தேன், கேட்கவில்லை. கருவியை மாட்டிக்கொண்டு, கீழே யாரும் பிடிக்காமல், நான் ஏறிய உயரத்துக்கு மேலே போய், வேண்டுமென்றே விழுந்தாள். பாறையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, விரலையெல்லாம் விரித்து, காற்றிலே ஒன்றையுமே பிடிக்காமல் விழுந்தாள். கருவி கவ்வியது. கயிறு முனகியது. நான் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பக்கத்து மாந்தோப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

அம்மா, நீங்கள் பெற்றவர்கள். கையை விரித்துக்கொண்டு விழுகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சாப்பிடக் கையை எடுத்தால் அவள் கைதான் தெரிகிறது.

டீயா? கொடுங்கள். பார்த்தாயா, வாங்கிக்கொண்டேன். குடிக்கிறேன். இந்த வீட்டு டீயை நான் குடிக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. நாளைக்கு யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பஸ் ஸ்டாப்பில் இறங்கி உன் பெயரைச் சொன்னதும், இந்தப் பக்கம் என்று கை காட்டினார்கள். யோசிக்காமல் நடந்து வந்துவிட்டேன். அன்றைக்கு நீயே சொல்லியிருந்தால் இன்றைக்கு ஊரைக் கேட்க வேண்டியிருக்காது. சரி, விடு.

அப்புறம் பேரம் பேசினேன் அவளிடம். ஒரு கருவி போதாது, அதே மாதிரி இன்னொன்றும் மாட்டு என்றேன். ஒத்துக்கொண்டாள். ஒரே கயிறு போதாது, இரண்டு கயிறு கட்டு என்றேன். ஒத்துக்கொண்டாள். கருவி வழுக்கினாலும் தடுத்து நிறுத்தக் கயிற்றில் இடையிடையே முடிச்சுப் போடு என்றேன். அதையும் அவளே முன்பே யோசித்து வைத்திருந்தாள். நான் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டாள் தம்பி, பேரம் படிந்துவிட்டது. படிந்த பிறகும் பயம் போகவில்லை. இப்படி எனக்கு எந்த வியாபாரத்திலும் ஆனதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நாளைக்கு அவள் ஏறப்போவது பாறையின் மறுபக்கம். உனக்குத் தெரியும், நீங்கள் இரண்டு பேரும் வெகுநாளாகப் பார்த்துவைத்திருந்த இடம்தான். பாறை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது. அங்கே விழுந்தால் பாறை கைக்கு எட்டாது. காற்றில் தொங்க வேண்டும். கருவி பிடிக்கும், நான் நம்புகிறேன். பிடித்த பிறகு? கருவிக்கு இறக்கிவிடத் தெரியுமா? தலையில் அடிபட்டு மயங்கிவிட்டால்? இடுப்புவாரில் அசையாமல் தொங்குகிறவனை வெகுநேரம் விடக் கூடாது என்று டவர் வேலைக்காரர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன், கால் ரத்தம் காலிலேயே நின்றுபோகும் என்று. அந்தப் பாறைக்கு அடியில் போன் எடுக்காது. மாந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை ஆள் இருப்பார்களோ என்னமோ. போன வாரம் இருந்தார்கள். நாளைக்கு இருப்பார்கள் என்று யார் சொன்னார்கள்? சிக்கினால் இறங்கிவர வழி வைத்திருக்கிறேன்ப்பா என்று இன்னொரு கருவியைக் காட்டுகிறாள். கை வேலை செய்தால்தானே அது? கை வேலை செய்யாவிட்டால்?

நீயே போய்ப் பிடிக்க வேண்டியதுதானே என்று நினைக்கிறாய். நினைக்கிறாய், முகத்தில் தெரிகிறது. பிடித்துப் பார்த்தேன். அன்றைக்கே, வாந்தி எடுத்த வாயைக் கழுவிவிட்டு, கயிறு பிடிக்கச் சொல்லிக் கொடு என்றேன். சொல்லிக் கொடுத்தாள். அவள் ஏறினாள். நான் பிடித்தேன். நன்றாகவே பிடித்தேன், அதுதான் தொல்லை. அவள் அடுத்த பிடிக்கு எட்டவேண்டும் என்றால் கயிறு கொஞ்சம் தளர வேண்டுமாம். தளரவிட எனக்குக் கை வரவில்லை. "கயிறு குடுங்கப்பா" என்கிறாள். கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இழுக்கிறேன். கடைசியில் நானே அவளைப் பாறையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டேன். விழவில்லை, தொங்கினாள். இறங்கி வந்து முடிச்சை அவிழ்த்தாள். திட்டவில்லை.

"உங்களால முடியாதுப்பா. அவருக்கு எப்ப இறுக்கணும் எப்ப தளத்தணும்னு தெரியும்."

அவர் என்றாள் உன்னை. கம்பெனியில் வேறு யாரையாவது கூப்பிடு என்றேன். இரண்டு பெண்கள் வருவதாகச் சொல்லிப் பாறையைப் போட்டோவில் பார்த்துவிட்டு வரவில்லை. பெங்களூரில் ஏறுகிறவர்கள் கூட்டம் இருக்கிறதாம், அவர்களைக் கூப்பிடு என்றேன். தெரியாத கையில் எப்படி ஏறுவது என்கிறாள். அப்படியானால் ஏறாதே என்றேன். அதற்குத்தான், உங்களால நான் ஒருத்தரை இழந்தாச்சு, பாறையையும் இழக்கணுமா என்று கேட்டாள். இன்று காலையில் கேட்டாள். கேட்டுவிட்டுப் பையை எடுத்துக் கயிற்றை அடுக்க ஆரம்பித்தாள். நான் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன். இங்கே வந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். வளவளவென்று பேசுவது எனக்குப் பழக்கம் இல்லை. நாளைக்குக் காலையில் நீ பாறைக்கு வர வேண்டும். கயிறு பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பாறையோடு சரி. வீடு, வாசல், அந்தப் பேச்செல்லாம் வேண்டாம். இதுதான் என் சொல்.

ஏன் பேசாமல் இருக்கிறாய்?

சரி. அவள் போன் செய்தால் நீ எடுக்கலாம். கம்பெனியில் சேர்ந்து சாப்பிடுகிறீர்களாம், சாப்பிடுங்கள், நான் என்ன வேண்டாம் என்றா சொன்னேன்? போதுமா?

போதாதா? வீட்டுக்கு வா. வாசலோடு இல்லை, உள்ளே வந்து உட்கார். தவமணி சாப்பாடு போடுவாள். நானும் கூட உட்காருகிறேன். இதற்குமேல் எந்த அப்பன் இறங்குவான்? இறங்கமாட்டான் என்று தெரிந்துதான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாய். எதிரே இருப்பவன் பேசாமல் இருந்தால் விலை தானாக இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த வித்தையில் சம்பாதித்தவன் நான்.

என்ன அம்மா சொன்னீர்கள்? திரும்பச் சொல்லுங்கள்.

"அந்த ஞாயித்துக்கெழம இவனும் பைய எடுத்து வச்சுக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தான். செருப்புகூட மாட்டிட்டான். அப்புறம் கழட்டிப் போட்டுட்டான்."

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சுபிக்ஷாவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

செருப்பு மாட்டியவன் வந்திருக்க வேண்டியதுதானே. என்னிடம் வந்து சட்டையைப் பிடித்திருக்கலாமே. கத்தியிருக்கலாம், நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். கழற்றிப் போட்டால் எப்படி?

என்ன வேண்டும் உனக்கு? அந்தக் கேள்வியை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமா? கேட்ட கேள்வியை எப்படித் திரும்ப வாங்குவது? டீக்கடையில் நின்றவர்கள் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரவா? வேண்டுமானால் அதே டீக்கடைக்கு வருகிறேன். அதே சத்தத்தில் வேறு ஏதாவது சொல்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுதிக் கொடு, மனப்பாடம் செய்து சொல்கிறேன். அந்த ஒன்றை மட்டும் இப்போது, இங்கே, இந்த அம்மா எதிரே சொல் என்காதே. வாயில் வரமாட்டேன் என்கிறது. அன்றைக்குக் கை விட மறுத்த மாதிரியே மறுக்கிறது. பார், இப்போதுகூட நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கேளுங்க தம்பி. நாளைக்கு விடிந்ததும் அவள் கிளம்பிவிடுவாள். யார் சொன்னாலும் நிற்கமாட்டாள். துருத்திக்கொண்டிருக்கிற அந்த இடத்துக்கு வரும்போது கை நடுங்கும். நடுங்காது என்று யாரும் எனக்குச் சொல்லாதீர்கள், அவள் என் ரத்தம். நடுங்கும்போது கீழே ஓர் ஆள் இருக்க வேண்டும். எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்று தெரிந்த ஆள். அது நான் இல்லை, கருவி இல்லை. நீங்கள்தான். வராமல் போனது நீங்கள்தானே? ஆரம்பித்து வைத்துவிட்டு நடுவில் இறங்கிப் போனது நீங்கள்தானே? அப்படியானால் நீங்கள்தான் வந்து சரிசெய்ய வேண்டும். என்னை மன்னிக்காவிட்டால் போகட்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டாம், நான் மாந்தோப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். அந்தக் கயிற்றின் மறு முனையை நீங்கள் கையில் எடுங்கள். எழுந்திருங்கள் தம்பி. பையை எடுத்து வையுங்கள்.